பரிவுக்கு ஓர் இசைவடிவம்

இசையரங்கு என்றதும் மதுரைவாழ் நமக்கு ஓர் ஒழுங்கு நினைவுக்கு வரும். நடுவே பாடகர், இருமருங்கும் வயலினும் மிருதங்கமும். முன்னவர் நடத்த, மற்றவர் தொடர்வர். ஜாஸ் இசையின் பியானோ மூவர் குழுவிலோ, சிறந்த நேரங்களில் இந்த ஒழுங்கு கரைந்துபோகிறது. தொடர்பவர் யார், நடத்துபவர் யார் எனப் பிரித்தறிய இயலாது. விஜய் ஐயரின் 'கம்பாஷன்' இசைத்தட்டு அத்தகையது. இ.சி.எம். நிறுவனம் 2024இல் வெளியிட்ட இத்தட்டில் பன்னிரண்டு உருப்படிகள் உள்ளன.

தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் அமெரிக்காவில் பிறந்தவர் ஐயர். இளமையில் வயலின் பயின்றார். பியானோவையோ செவிவழியே தாமே கற்றுக்கொண்டார். 2014 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். இத்தட்டில் லிண்டா மே ஹான் ஓ பாஸ் மீட்ட, டைஷான் சோரி டிரம்ஸ் இசைக்கிறார். இம்மூவரும் 2021இல் 'அன்ஈசி' என்னும் தட்டையும் தந்தவர்கள்.

பரிவு என்னும் தலைப்பைக் கண்டு தாலாட்டை எதிர்பார்த்தோமாயின் ஏமாறுவோம். தாளம் அடர்ந்து, பலவிடங்களில் நம்மை நிலைகொள்ள விடுவதில்லை. 'ஆர்ச்' என்னும் உருப்படி பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவுக்குக் காணிக்கை; அன்பர்கள் அவரை அழைத்த செல்லப்பெயர் அது. நிறவெறியை எதிர்த்து நின்றவரின் நினைவு வெறும் இரங்கலாக அமைந்திருந்தால் அவரைச் சிறுமைப்படுத்தியிருக்கும். 'இட் கோஸ்' என்பதோ மென்மையானது. 1955இல், பதினான்கு வயதில், நிறவெறியர் கொன்ற எமெட் டில் உயிரோடிருந்து முதுமை எய்தியதாகக் கற்பனை செய்யும் ஈவ் யூயிங்கின் கவிதைக்குத் துணையாகப் பிறந்தது.

இங்கேதான் நமக்கு ஒரு மனக்குறை. தட்டில் அக்கவிதையின் சொற்கள் இல்லை. பின்னணி அறியாதவருக்கு அது அழகியதோர் இசை மட்டுமே. துயரை அழகாக்கினால், துயருற்றவர் மறைந்துபோக மாட்டாரா? இந்த ஐயத்தை இசை முழுமையாகத் தீர்க்கவில்லை. ஆயினும், மூவரும் ஒருவருக்கொருவர் இடம்விட்டுச் செவிசாய்க்கும் பாங்கில் ஒரு விடை தொனிக்கிறது: பரிவு என்பது உணர்ச்சிப் பெருக்கன்று, பிறர் பேசுவதற்கு நாம் அடங்கிக் கேட்பது. நல்ல சமாரியனும் முதலில் செய்தது நின்று பார்த்ததுதானே!

மதுரையிலிருந்து வடகிழக்கே மேலூரைக் கடந்தால் மேலவளவு வரும். 1997இல் சாதிவெறிக்குப் பலியான ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு மாண்டவர்களையும் அவ்வூர் மறக்கவில்லை. அமெரிக்கச் சிறுவனுக்காக ஒரு தமிழரின் மகன் இசைக்கும்போது நம் கண்கள் கசிகின்றன. நல்லதே. ஆனால் அண்டையூரின் அழுகுரலுக்கு நாம் எத்தனை நாள் செவிகொடுத்தோம்? நம்மை அக்கேள்வியின்முன் நிறுத்துவதே இத்தட்டின் பெரும்பயன் என்போம்.