லயத்துச் சிறுவனுக்கு நூல் எங்கே?

நம்மவரிடையே படிக்கும் வழக்கம் அற்றுப்போயிற்று என்னும் புலம்பல் ஈப்போ நகரத்துச் சங்கக் கூட்டங்களிலும், தோட்டத்துத் திருவிழா மேடைகளிலும் ஓயாது கேட்கிறது. இப்புலம்பலோடு நமக்கு முழு உடன்பாடு இல்லை. கைப்பேசியை ஏந்திய வாலிபன் நாள் முழுதும் எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ரமணிசந்திரனின் நவீனங்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் படிக்கும் பெண்மணிகள் தோட்டங்களிலும் உண்டு, பட்டணங்களிலும் உண்டு. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ 2022-இல் திரைப்படமானபோது, அப்பெருங்கதையைப் புதிதாக வாங்கிப் படித்தவர் பலர். ஆகவே, நம்மவர் படிக்கிறார்களா என்பதன்று கேள்வி. இளமையில் எதைப் படித்து வளர்ந்தார்கள், அது அவர்களுக்கு என்ன செய்தது என்பதே கேள்வி.

நமது பாட்டன்மார் காலத்தில் லயத்தில் எழுத்தறிந்தவர் சிலரே. அவருள் ஒருவர் விளக்கடியில் அமர்ந்து பெரிய எழுத்துப் புத்தகத்தை இராகமிட்டு வாசிப்பார்; ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்பர். நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, மதனகாமராசன் கதை, விக்கிரமாதித்தன் கதை ஆகியவையே அன்று நமது நூல்நிலையம். ஒரு நூலை இருபது பேர் கூடி அனுபவித்த அந்த வழக்கம் போற்றத்தக்கது. ஆனால் அந்நூல்கள் கற்பித்தது யாது? நல்லதங்காள் ஏழு மக்களையும் கிணற்றில் எறிந்ததைக் கேட்டு லயமே அழுதது. பசித்து வந்த பெண்ணுக்குக் கதவடைத்த குடும்ப முறை எத்தகையது என்று அக்கதை கேட்கவில்லை. ஆதலின் கேட்டவரும் வினவவில்லை. தனியரசு செலுத்திய அல்லியைச் சூழ்ச்சியால் மணந்த அருச்சுனன் வீரன் என்றே கொண்டாடப்பட்டான். பகலெல்லாம் பால்மரம் வெட்டி ஓய்ந்த மக்களுக்கு அழுகையும் ஆறுதலாக இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் அழப் பழக்கும் நூல் வேறு, சிந்திக்கப் பழக்கும் நூல் வேறு.

பின்னர் வந்தது ‘அம்புலிமாமா’. சென்னையிலிருந்து 1947 ஜூலையில் தொடங்கிய இவ்விதழ் கடல் கடந்து வந்து நமது சிறுவர்களையும் ஆட்கொண்டது. விக்கிரமன் மரத்தினின்றும் பிணத்தை இறக்கித் தோளில் சுமந்து செல்வான். பிணத்திலுள்ள வேதாளம் கதை கூறி இறுதியில் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் கூறாவிடில் தலை வெடித்துவிடும். கூறினாலோ மௌனம் கலைந்து வேதாளம் மரமேறிவிடும். இவ்வமைப்பின் சிறப்பை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். விடையைப் படிக்குமுன் சற்றே நின்று, எது நியாயம் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை அது பிள்ளைகளுக்கு அளித்தது. பாடப்புத்தகத்திலும் கிட்டாத பயிற்சி அது. ஆயினும் நியாயம் கூறுபவன் எப்பொழுதும் அரசனே. வழக்குடையோர் மந்திரியும், வணிகனும், முனிவரும், இளவரசியுமே. உழைப்பவன் அக்கதைகளில் வந்தால் வாசற்படியோடு நின்றுவிடுவான். 2013-க்குப் பின் அவ்விதழ் அச்சில் வரவில்லை. அதன் இடத்தை நிரப்ப வந்தது பெரும்பாலும் ஆங்கில நூலே.

ஆங்கிலத்தின் வழியே கல்வி கற்ற நம்மைப் போன்றோர்க்கு எனிட் பிளைட்டன் அம்மையார் எழுதிய நூல்கள் வேறோர் உலகத்தைத் திறந்தன. 1942 முதல் 1963 வரை வெளிவந்த ‘ஐவர்’ வரிசையின் 21 நூல்களிலும் நான்கு பிள்ளைகளும் ஒரு நாயும் தாய் தந்தையர் துணையின்றித் தீவுகளிலும் குகைகளிலும் திரிந்து கள்வரைப் பிடிக்கின்றனர். பெரியவர் அதட்டலுக்கு அடங்கியே வளரும் நமது பிள்ளைகளுக்கு அச்சுதந்திரம் தேனாக இனித்ததில் வியப்பில்லை. ஆனால் அப்பிள்ளைகள் சுமந்து செல்லும் உணவுக் கூடையை நிரப்புபவள் யார்? சமையற்காரி. அவளுக்கும் பிள்ளை இருந்தால், அப்பிள்ளையின் விடுமுறை எவ்வாறு கழிந்தது? லயத்திலிருந்து அந்நூலைப் படித்த சிறுவன் தன்னை அந்த ஐவரோடு எண்ணிக் களித்தான். தன் தாய் அக்கதையில் எந்த இடத்தில் இருப்பாள் என்று எண்ணவில்லை.

நிற்க. இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். “குழந்தையின் கற்பனைக்கு எல்லை உண்டோ? தன் ஊரையே நூலில் காணவேண்டும் என்பது குறுகிய நோக்கம் அன்றோ?” என்று அன்பர்கள் கேட்கலாம். பிற நாட்டுக் கதைகளை விலக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. வேதாளமும் வரட்டும், ஐவரும் வரட்டும். ஆனால் எத்தனை நூல் படித்தாலும் தன் வீடும், தன் பேச்சும், தன் தந்தையின் தொழிலும் ஒன்றிலேனும் வரக் காணாத பிள்ளை, இவை எழுதத் தகாதவை என்று முடிவு செய்துவிடும். இம்முடிவை எவரும் அதற்குக் கற்பிப்பதில்லை, தானே கற்றுக்கொள்கிறது. தாழ்வு மனப்பான்மை பற்றி மேடைதோறும் முழங்குகிறோமே, அதன் வேர்களுள் ஒன்று இங்கேயும் இருக்கிறது.

இதற்கு மறுசான்று நமது பேராக் மண்ணிலேயே உண்டு. 1951-இல் பிறந்த கேலிச்சித்திரக்காரர் லாட், 1979-இல் ‘கம்போங் பாய்’ என்னும் சித்திர நூலை வெளியிட்டார். அதில் அரசன் இல்லை, புதையல் இல்லை. கிந்தா பள்ளத்தாக்கில் ஒரு மலாய்க் கிராமம், ஓர் ஆறு, ஈயம் தோண்டும் இயந்திரக் கப்பல், அதனருகே கூடி விளையாடும் சிறுவர். கதாநாயகன் படிப்புக்காக ஈப்போவுக்குப் புறப்படுவதோடு நூல் முடிகிறது. 1981-இல் வந்த ‘டவுன் பாய்’ நூலில் ஈப்போ நகரமும் ஒரு சீனத் தோழனின் நட்பும் வருகின்றன. இவ்வளவு எளிய வாழ்க்கை உலகெங்கும் விரும்பிப் படிக்கப்பட்டது. காரணம், லாட் தம் கிராமத்திற்காக வெட்கப்படவும் இல்லை. அதை வானளாவப் புகழவும் இல்லை. கண்டதைக் கண்டபடி, நகைச்சுவையோடு வரைந்தார். அந்தக் கிராமத்துக்கு அப்பால் சில கல் தொலைவிலேயே நமது லயங்களும் இருந்தன. பிரட்டுக்குக் கூடும் விடியற்காலை, மங்குகளில் சொட்டும் பால், ஆயாக் கொட்டகை, சம்பள நாள் கடைத்தெரு ஆகிய இவற்றுள் எது சித்திரத்துக்கு ஒவ்வாதது?

தோட்டத்தைப் பற்றி நம்மவர் எழுதவே இல்லை என்று கூறுவது பெரும் பிழை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ முதலிய நாவல்கள் நமது துயர வரலாற்றைப் பதிந்துள்ளன. தமிழகத்து அகிலனும் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். ஆனால் இவை பெரியவர்க்குரியவை. கே. எஸ். மணியம் 1981-இல் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ ஒரு தமிழ்ச் சிறுவனின் இளமையையே பொருளாகக் கொண்டது; எனினும் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ்ப்பள்ளிச் சிறுவனுக்கு எட்டாதது. கே. பாலமுருகன் சிறுவர்க்கென மர்ம நாவல்கள் எழுதியிருப்பது நம்பிக்கை தருகிறது. ஆயினும் ஒருவர் இருவர் முயற்சி ஒரு சமூகத்தின் பசியைத் தீர்க்குமா? 2011-இல் ‘இந்தர்லோக்’ என்னும் மலாய் நாவல் பாடமாக்கப்பட்டபோது, அது நம்மவரைச் சித்திரித்த முறையை எதிர்த்து நாம் குரல் எழுப்பினோம். அந்தக் குரல் நியாயமானதே. ஆனால் “எங்களைப் பற்றித் தவறாக எழுதினீர்” என்று கூறிய நாம், “இதோ, எங்களைப் பற்றிய சரியான நூல்” என்று நம் பிள்ளைகள் கையில் எதைக் கொடுத்தோம்?

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அச்சட்டம் எழுத்தைத் தந்தது. எழுத்துக்குரிய நூலை நாமே ஆக்கியிருக்க வேண்டும். இன்றோ ரப்பர்க் காடுகள் பெரும்பாலும் செம்பனையாக மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டு, குடிகள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்துவிட்டன. தோட்டத்துக் கிராணி வேலை பார்க்கும் நாம் ஒன்று கூறுவோம்: தொழிலாளியின் பெயர் தவறாமல் எழுதப்பட்ட ஒரே புத்தகம் செக்ரோல்தான். அதில் அவர் பெயரும், வேலை நாளும், கூலியும் உண்டு. அவர் பிள்ளை எதைக் கண்டு சிரித்தது என்பது இல்லை. அதை அறிந்த பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் காலத்துக்குப் பின் இந்நூலை எழுத எவராலும் இயலாது.

ஆதலின் செய்யவேண்டுவது கூறுவோம். பேராக்கில் 130-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியின் மாணவரும் தம் பாட்டன் பாட்டியிடம் ஒரு கதை கேட்டு எழுதி வரட்டும். சித்திரம் வல்லோர் அவற்றுக்குப் படம் வரையட்டும். 1950-களில் ‘தமிழ் முரசு’ நடத்திய மாணவர் மணிமன்றம் இளைஞர் பலரை எழுத்தாளர் ஆக்கியது. அவ்வாறே இன்றைய இதழ்களும் மாணவர்க்கு ஒரு பக்கம் ஒதுக்கட்டும். பரிசளிப்பு விழாக்களில் பித்தளைக் கோப்பைக்குச் செலவிடும் பணத்தைச் சங்கத்தார் இந்நூல்களின் அச்சுக்கூலிக்குத் தரட்டும். கோப்பை அலமாரியில் உறங்கும். நூல் கைமாறிக்கொண்டே இருக்கும்.

பிள்ளைகள் படிப்பதில்லை என்று பழி கூறுவதற்கு முன், அவர்கள் தம்மைத் தாமே காணத்தக்க ஒரு நூலையேனும் ஆக்கி அவர்முன் வைப்போமாக. அதையும் அவர்கள் தொடாது ஒதுக்கினால், பின்னர்ப் புலம்புவதற்கு நமக்கு உரிமை உண்டு.