தலை மாறிய கதை

வேதாளம் விக்கிரமாதித்தனுக்குச் சொன்ன கதைகளைச் சிறு வயதில் படித்துவிட்டு, பிறகு மறந்துவிடுகிறோம். மறக்கக் கூடாத கதைகளும் அவற்றில் உண்டு. தலை மாறிய கதை அதில் ஒன்று. கணவனும் இன்னொருவனும் கோயிலில் தலையை வெட்டிக்கொண்டு மடிகிறார்கள். தேவி இரங்கி, தலைகளை உடல்களோடு பொருத்தச் சொல்லுகிறாள். பதற்றத்தில் அந்தப் பெண் மாற்றிப் பொருத்திவிடுகிறாள். யார் அவள் கணவன்? அங்கங்களில் தலையே பிரதானம். ஆகவே கணவனின் தலை உள்ளவனே கணவன் என்கிறான் ராஜா. வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடுகிறது.

நியாயஸ்தலத்துக்கு இந்தத் தீர்ப்புப் போதும். மறுநாள் காலை அந்த மூவரும் எப்படி வாழ்ந்தார்கள் என்பது நாவலாசிரியனின் கேள்வி. அதைக் கேட்டவர் ஜெர்மானியரான தாமஸ் மான். 1940ல் வெளிவந்த அவருடைய குறுநாவலுக்கு, ‘மாறிய தலைகள்’ என்று தமிழில் பெயர் சொல்லலாம்.

பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில், மற்றவன் அந்தப் பெண்ணின் சகோதரன். அங்கே சிக்கல் முறையைப் பற்றியது. மானிடம் அவன் கணவனின் உயிர்த்தோழன். சிக்கல் ஆசையைப் பற்றியதாகிவிடுகிறது. ஸ்ரீதமன் படிப்பாளி, மெலிந்தவன். நந்தன் கட்டான உடல் படைத்தவன். கணவனின் அறிவோடு நந்தனின் தோள்களும் சேர்ந்திருக்கக் கூடாதா என்று சீதாவின் மனம் முன்பே ஏங்கியிருக்கிறது. கை செய்த தவற்றில் மனத்துக்கும் பங்கு உண்டு.

தத்துவவாதிகள் இதே சிக்கலை வேறு விதமாகப் பார்த்தார்கள். ஆத்மா வேறு, சரீரம் வேறு என்று பிரித்தார் டெகார்ட். பருப்பொருள் அல்லாத ஆத்மா உடலை எப்படி அசைக்கிறது என்று 1643ல் பொஹீமிய இளவரசி எலிசபெத் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டாள். திருப்திகரமான பதில் அவளுக்குக் கிடைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மானின் பதில் கதையாக வருகிறது. சீதா ஆசைப்பட்டது கிடைத்துவிடுகிறது; ஆனால் நிலைக்கவில்லை. படிப்பாளியின் தலைக்குக் கீழே நந்தனின் உடல் உழைப்பை மறந்து நாளடைவில் தளர்கிறது. தலையும் பழைய தலையாக இல்லை. உடல் அதையும் சற்று மாற்றிவிடுகிறது. காட்டில் வாழும் நந்தனிடமோ, ஸ்ரீதமனின் மெலிந்த உடல் உரம் பெறுகிறது. தலை எஜமானன், உடல் வேலைக்காரன் என்ற கணக்கு இங்கே பொய்த்துப்போகிறது. ஒன்றையொன்று செய்துகொண்டே இருப்பவை அவை. இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தைச் சொன்ன தத்துவ நூல் எதையும் நான் படித்ததில்லை.

எனக்கு ஒரு குறையும் உண்டு. மான் மூவரையும் சாகவைத்துக் கதையை முடிக்கிறார். ஆண்கள் வாளால் மடிகிறார்கள். சீதா சிதை ஏறுகிறாள். எல்லாவற்றையும் சற்றே கேலிப் புன்னகையோடு சொல்லிவரும் ஆசிரியருக்கு, அவளுடைய துக்கத்தோடு தங்கியிருக்கப் பொறுமை இல்லை. தலைகள் மாறியபோது அவள் வயிற்றில் குழந்தை இருந்தது. அதற்குத் தகப்பன் எந்தத் தலை, எந்த உடல் என்று ஆண்கள் வாதாடுகிறார்கள். அந்தக் குழந்தையைச் சுமந்த உடல் மாறவே இல்லை. அந்த உடலுக்கு என்ன தெரியும் என்று கேட்கத்தான் வேதாளத்துக்கும் தோன்றவில்லை, மானுக்கும் தோன்றவில்லை. அந்தக் கதையை இனி ஒருவர் எழுதவேண்டும்.