கைபேசித் திரையில் தமிழ் விரிவுரை: சுட்டும் சொல்லும்

பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் நிறுவனமும் ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இணைந்து 2003இல் தொடங்கிய 'என்பிடெல்' திட்டம், உயர்கல்வி விரிவுரைகளை வகுப்பறைக்கு வெளியே கொண்டுசென்றது. அவ்விரிவுரைகளை இன்று மாணவர் கைபேசியிலும் காண்கின்றனர். பலவற்றின் எழுத்துப்படிகள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளன. தமிழ்வழிப் பள்ளியில் பயின்று ஆங்கிலவழிப் பல்கலைக்கழக வகுப்பில் அமரும் மாணவர்க்கு இம்முயற்சியின் பயன் பெரிது. எனினும், நூலாகப் படித்தற்குரிய மொழிபெயர்ப்பும், திரையில் பேச்சோடு ஓடும் மொழிபெயர்ப்பும் ஒன்றாகா.

முதற்காரணம் சொல்வரிசை. ஆசிரியர் ஒருவர் மின்சுற்றுப் படத்தைச் சுட்டி ஆங்கிலத்தில் விளக்குவதாகக் கொள்ளலாம். அம்மொழியில் மின்னோட்டம் என்னும் பெயர் முன்வரும். அதனை விளக்கும் தொடர் பின்வரும். ஆசிரியரின் விரலும் அவ்வரிசையிலேயே நகரும். தமிழிலோ, 'மின்கலத்திலிருந்து புறப்பட்டு இக்கம்பியின் வழியே பாயும் மின்னோட்டம்' எனப் பெயரெச்சத் தொடர் முன்னும் பெயர் பின்னும் நிற்கும். விரல் மின்னோட்டத்தைச் சுட்டும்போது கண் மின்கலத்தைப் படித்துக்கொண்டிருக்கும். அச்சுநூலில் குறையாகாத இவ்வமைப்பு, ஓரிரு வரிகளே தோன்றி மறையும் சிறுதிரையில் மயக்கம் தரும்.

'மின்னோட்டத்தைப் பாருங்கள், அது மின்கலத்திலிருந்து புறப்படுகிறது, இக்கம்பியின் வழியே பாய்கிறது' எனப் பிரித்துரைப்பின் சுட்டும் சொல்லும் ஒன்றுபடும். ஆயின் எல்லா வாக்கியமும் பிரித்தற்குரியன அல்ல. 'கடத்தியின் குறுக்குவெட்டை ஓரலகு நேரத்தில் கடக்கும் மின்னூட்டத்தின் அளவு மின்னோட்டம்' என்பதைப் பிரிப்பின் வரையறை சிதையும். எனவே, சுட்டும் வாக்கியத்தைப் பிரித்தலும் வரையறுக்கும் வாக்கியத்தை முழுமையாக நிறுத்தலும் தக்க முறையாகும்.

இரண்டாவது காரணம் இரட்டை வழக்கு. பெர்குசன் 1959இல் விளக்கிய இக்கருத்தைப் பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் வெளிவந்த நூலில் தமிழுக்குப் பொருத்தி ஆராய்ந்தார். விரிவுரை பேச்சாக நிகழ்வது. அதன் தமிழ்ப் பெயர்ப்போ எழுத்து வழக்கில் அமைவது. பேச்சு வடிவங்களையே எழுதலாம் எனின், வட்டாரந்தோறும் வேறுபடும் அவ்வடிவங்கள் விரைந்து படித்தற்குத் தடையாகும். எழுத்து வழக்கின் சொல்வடிவமும் பேச்சின் தொடரமைப்பும் இணைவதே ஏற்றது.

இத்தகைய மொழிபெயர்ப்பைத் தாளில் வைத்து மட்டும் மதிப்பிடுதல் பொருந்தாது. ஒலியோடும் படத்தோடும் கைபேசியிலேயே படித்துப் பார்த்துத் திருத்துதல் வேண்டும். சொல் சரியாக இருந்தும் அது காலந்தாழ்ந்து வருமாயின், மாணவர்க்குப் பாடம் கிட்டாது.