ஐடியல் கைக்கருவி

முதலில் பார்க்கிறவர்கள் பாக்குவெட்டி என்றுதான் சொல்வார்கள். இரண்டு இரும்புக் கைப்பிடி, நடுவில் ஒரு கீல், நுனியில் ஈயக்குண்டு வார்க்கும் சிறு அச்சு. 1884-இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனத்தின் பழைய கருவிகள் பல இப்படித்தான் இருந்தன.

ரைஃபிள் தோட்டாவில் விலை கூடியது பித்தளைக் கூடு. சுட்ட பிறகும் அது வீணாவதில்லை. இந்தக் கருவியால், அதன் அடியில் மருந்தைப் பற்றவைத்து வெடித்த கேப்பைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே குண்டை அழுத்தி உட்காரவைக்கலாம். கடைக்குப் பல நாள் பயணமான ஊர்களில் இந்தச் சின்ன இரும்பை நம்பித்தான் வேட்டைக்காரர்கள் இருந்தார்கள். வார்க்கும்போது கைப்பிடியும் சூடேறும்; துணி சுற்றாமல் பிடிக்க முடியாது. இருந்தும் அந்தக் கச்சிதம் என்னை மயக்குகிறது! 1925-இல் லைமன் நிறுவனம் ஐடியலை வாங்கி, இந்தப் பாக்குவெட்டி வடிவத்தைத் தொடர்ந்தது.

கையால் மருந்திடும் வேலை தமிழ்நாட்டிலும் உண்டு. கீழ்பென்னாத்தூர் பக்கத்து மணிலாக்கொட்டைக் கொல்லைக்காரர்களுக்குக் காட்டுப்பன்றித் தொல்லையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பயிர்க் காவலுக்கான, குழல்வாய் வழியே வெடிமருந்திடும் துப்பாக்கியை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே தனியாகக் குறிப்பிடுகிறது. அதில் கூடே கிடையாது. மருந்து, அடைப்பு, ரவை, இடிகோல், கடைசியில் கேப்பு: ஒவ்வொரு வெடிக்கும் எல்லாம் புதிதாக, கையாலேயே.