பீடத்துத் துளைகள் எதற்கு?

1851-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளின் அருகே பெயர், ஊர், நூற்றாண்டு எழுதியிருப்பார்கள். பார்ப்பவரைச் சிந்திக்க வைக்கும் வினாவை அரிதாகவே காணலாம். சிவாலயங்களில் கருவறையின் தென்புறச் சுவரில் அமர்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தியோ பேசாமலே கற்பிக்கும் ஆசிரியர். சிந்திப்பது சீடர் பொறுப்பு. இம்முறையை அருங்காட்சியகமும் கைக்கொள்ளலாமே! "பீடத்தில் துளைகள் எதற்கு?" என்று மட்டும் எழுதிவைத்தால் போதும். மயிலாப்பூரில் பங்குனி அறுபத்துமூவர் உலாவைக் கண்ட மாணவன், தண்டு கோத்துத் தூக்கிச் செல்லத்தான் என்று தானே ஊகிப்பான். மூலவர் கல்லாகவும் வீதிக்கு வரும் உற்சவர் உலோகமாகவும் இருப்பதன் காரணமும் அவனுக்கு விளங்கத் தொடங்கும்.

ஆனால் பக்தியைப் புகட்டுவது அருங்காட்சியகத்தின் வேலையன்று. வெறும் மௌனமும் அங்கே உதவாது. மாணவன் தன் ஊகத்தைச் சரிபார்க்கச் சான்று வேண்டும். துளையில் தண்டு கோத்த படம் ஒன்றாவது பக்கத்தில் இருக்கட்டும்.