கல்லீரல் சோதனை: பெயர் பொருத்தமா?

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. சாலையோரம் உள்ள இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் ‘எல்.எஃப்.டி.’ என்று கேளுங்கள். சில மணி நேரத்தில் ஒரு தாள் கைக்கு வந்துவிடும். கல்லீரல் இயக்கச் சோதனை என்பது அதன் பெயர். நூலுக்கு மதிப்புரை எழுதுவதுபோல் அத்தாளைச் சற்று மதிப்பிட்டுப் பார்ப்போமா?

உங்கள் கண் முதலில் தேடுவது எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் இரு நொதிகளைத்தான். உண்மையில் இவை கல்லீரலின் இயக்கத்தை அளப்பன அல்ல. கல்லீரல் செல்கள் சிதையும்போது இரத்தத்தில் கசிபவை, அவ்வளவே. கிருமியால் திடீரெனக் காமாலை கண்ட இளைஞனுக்கு இவை ஆயிரத்தையும் தாண்டலாம். ஆனாலும் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர். நெடுநாள் குடியாலோ, ஹெபடைடிஸ் பி கிருமியாலோ, சர்க்கரை நோயோடு சேர்ந்த கொழுப்பாலோ கல்லீரல் தழும்பேறி இறுகிப்போனவரின் கதை வேறு. சிரோசிஸ் எனப்படும் இந்நிலையில் நொதிகள் 40க்குள் அடங்கி நிற்பதுண்டு. தாளில் நட்சத்திரக் குறி விழாது. அவரும் நிம்மதியாக மடித்து வைத்துவிடுவார். பிறகு ஒரு நாள் இரத்த வாந்தி எடுக்கும்போதுதான் நோய் வெளிப்படும்!

அப்படியானால் வரப்போவதை முன்கூட்டிச் சொல்வது எது? கல்லீரல் உண்டாக்கும் ஆல்புமின், அது வெளியேற்ற வேண்டிய பிலிருபின், இரத்தம் உறைய ஆகும் நேரம் ஆகியவை. 1973இல் லண்டனில் பியூ என்பவரும் குழுவினரும் இம்மூன்றுடன் வயிற்றில் நீர் கோத்தல், மனக்குழப்பம் இரண்டையும் சேர்த்து, 5 முதல் 15 வரை மதிப்பெண் இட்டனர். இன்றும் அது வழக்கிலிருக்கிறது. ஆனால் உறைதல் நேரம் பொதுவாக நம் எல்.எஃப்.டி. தாளில் இடம் பெறுவதில்லை. தனியே கேட்டு வாங்க வேண்டும். இயக்கத்தை நன்கு காட்டும் ஓர் அளவை விட்டுவிட்டு, ‘இயக்கச் சோதனை’ என்று பெயர் வைத்திருப்பது விந்தையல்லவா?

இன்னொன்று வேறு தாளில் இருக்கிறது. இறுகிய கல்லீரலுக்குள் புக முடியாமல், குடலிலிருந்து வரும் இரத்தம் பின்னோக்கி அழுத்துகிறது. மண்ணீரல் வீங்கி, தட்டணுக்களைத் தன்னிடமே தேக்கிக்கொள்கிறது. உணவுக்குழலின் நாளங்களும் புடைக்கின்றன; வெடித்தால் இரத்த வாந்தி. எனவே தட்டணுக் குறைவு முக்கியமான துப்பு. அந்த எண்ணோ இரத்த அணுக்கள் எண்ணிக்கைத் தாளில் கிடக்கிறது. இரண்டு தாள்களையும் சேர்த்துப் படிப்போர் எத்தனை பேர்?

சேர்த்துப் படிக்க 2006இல் ஸ்டெர்லிங் குழுவினர் ஒரு கணக்குத் தந்தனர். ஃபிப்-4 என்பார்கள். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தைத் தட்டணு எண்ணிக்கையால் (ஆயிரங்களில்) பெருக்குங்கள். முன்னதைப் பின்னதால் வகுங்கள். ஓர் உதாரணம்: வயது 56, எஸ்.ஜி.ஓ.டி. 38, எஸ்.ஜி.பி.டி. 30, தட்டணு 95 ஆயிரம். இரு நொதிகளும் ‘சரி’. விடையோ ஏறக்குறைய 4.1! 1.45க்குக் கீழ் இருந்தால் கவலை குறைவு, 3.25க்கு மேல் போனால் முற்றிய தழும்பு இருக்கக்கூடும் என்பது அவர்கள் வகுத்த எல்லை.

இக்கணக்கிலும் ஓட்டைகள் உண்டு. மழைக்காலத்து டெங்கு காய்ச்சலும் தட்டணுவைக் குறைக்கும். அப்போது கணக்குப் போட்டு அஞ்ச வேண்டாம். 35 வயதுக்குக் கீழும் 65க்கு மேலும் இதன் துல்லியம் குறைகிறது. தட்டணு ஒன்றரை லட்சத்துக்கு மேலிருந்து, ஸ்கேனில் கல்லீரலின் விறைப்பும் 20 கிலோபாஸ்கலுக்குக் கீழிருந்தால், எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடலாம் என்று 2015இல் வல்லுநர்கள் கூடிய பவேனோ மாநாடு கூறியது. இல்லாவிடில் குழாய் விட்டுப் பார்ப்பதே நல்லது. நாளப் புடைப்பு தெரிந்தால், விலை மலிவான புரோப்ரனலால் போன்ற மாத்திரைகளோ, நாளத்துக்கு வளையமிடுதலோ இரத்தக் கசிவைப் பெருமளவு தடுக்கும்.

நோய் முற்றியவர்க்கு ‘மெல்டு’ மதிப்பெண் உண்டு. 2001இல் மேயோ கிளினிக்கின் காமத் குழுவினர் வெளியிட்டது. பிலிருபின், உறைதல் அளவு, கிரியேட்டினின் மூன்றையும் கொண்டு 3 மாத ஆயுளைக் கணிக்கிறது. கிரியேட்டினினோ தசையிலிருந்து வருவது. தசை குறைந்தவர்க்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டிருந்தாலும் அது குறைவாகவே காட்டும். மாற்றுக் கல்லீரலுக்கான வரிசையில் அவர்கள் பின்னே தள்ளப்பட்டனர். அமெரிக்காவில் 2002 முதல் வரிசையை முடிவு செய்த இம்மதிப்பெண்ணில் பெண்களுக்கு 1.33 கூட்டித் திருத்தியது 2023 ஜூலையில்தான்.