மூணு சாம்பிள், ஒரு படம்: கிளார்க்–வார்விக் நூலை வெள்ளாற்றங்கரையில் வாசிப்பது

வெள்ளாறு, உப்பனாறு, பிச்சாவரம் என்ற பெயர்கள் தலைப்பில் வரும் ஆய்வுக் கட்டுரைகளை வரிசையாக வாசித்தால் ஒரு ஒழுங்கு கண்ணில் படும். முதலில் ஷானன் குறியீட்டு அட்டவணை. அடுத்து கிளஸ்டர் மரப்படம். அதற்கப்புறம் புள்ளிகள் சிதறிக் கிடக்கும் எம்டிஎஸ் படம், மூலையில் ஒரு ஸ்ட்ரெஸ் எண். கடைசியில் "பருவங்களுக்கிடையே தெளிவான வேறுபாடு காணப்பட்டது" என்று ஒரு வரி. எழுதியவர்கள் வேறு, ஆண்டு வேறு, விலங்கு வேறு. ஆனால் அச்சு ஒன்றே.

இந்த அச்சு பெரும்பாலும் ஒரு நூலிலிருந்து வந்தது. பிளிமத் கடல் ஆய்வகத்தைச் சேர்ந்த கே.ஆர். கிளார்க், ஆர்.எம். வார்விக் இருவரும் எழுதிய 'சேஞ்ச் இன் மரைன் கம்யூனிட்டீஸ்'. முதல் பதிப்பு 1994, இரண்டாவது 2001, கோர்லியும் சாமர்ஃபீல்டும் சேர்ந்துகொண்ட மூன்றாவது பதிப்பு 2014. பிரைமர் மென்பொருளோடு கைகோத்து வந்த நூல் இது. பன்மாறிப் புள்ளியியல் படிக்க விரும்பும் பரங்கிப்பேட்டை மாணவர் இன்றைக்கும் இதில்தான் தொடங்குவார். தொடங்கணும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனா அதை எப்படி வாசிப்பது, நம்ம ஆற்று முகத்துவாரத்தில் எந்த இடத்தில் அது இடிக்கும் என்பதை யாராவது எழுதி வைக்கணும் இல்லையா? அதுதான் இந்தக் குறிப்பு.

நூலின் பலம்

கிளார்க் புள்ளியியலாளர், வார்விக் கடல் உயிரியலாளர். இரண்டு பேரும் சேர்ந்ததன் பலன் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். அணிக்கோவையைக் காட்டி மிரட்டுவதில்லை. சேற்றை அள்ளி, சல்லடையில் அலசி, புழுவை எண்ணி முடித்தவன் கேட்கும் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆய்வை நாலு கட்டமாகப் பிரிக்கிறார்கள்: சமுதாயத்தைப் படமாகக் காட்டுவது, இடங்களை வேறுபடுத்துவது, அங்கே உயிர்கள் எவ்வளவு நெருக்கடியில் இருக்கின்றன என்று அளப்பது, சுற்றுச்சூழல் காரணிகளோடு இணைப்பது.

எடுத்துக்காட்டுகளும் நிஜமானவை. வட கடலின் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலில் 39 இடங்களில் எடுத்த அடிவாழ் உயிரித் தரவு அதில் ஒன்று. ஷானன் மாதிரியான ஒற்றை எண்கள் மேடைக்குப் பக்கத்தில் மட்டும்தான் பாதிப்பைக் காட்டின. இனங்களை மொத்தமாகப் பார்க்கும் படமோ சுமார் 3 கி.மீ. தூரம் வரை மாற்றம் இருப்பதைக் காட்டியது. பன்மாறி முறை எதற்கு என்று கேட்பவருக்கு இந்த ஒரு உதாரணம் போதும். ஷானன் எண் 2.8 என்றால் 2.8தான், எந்தப் புழு போய் எந்தப் புழு வந்தது என்று அது சொல்லாது.

உருமாற்றம் ஒரு பட்டன் இல்லை

நூல் தெளிவாகச் சொல்லியும் வாசகர்கள் தாண்டிப் போகிற இடம், தரவு உருமாற்றம். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அ என்ற இடத்தில் பாலிகீட் புழு 100, மட்டி 4, நண்டு இல்லை. ஆ என்ற இடத்தில் புழு 60, மட்டி 4, நண்டு 2.

பிரே–கர்டிஸ் வேற்றுமை என்பது ஒவ்வொரு இனத்திலும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டி மொத்த எண்ணிக்கையால் வகுப்பது. 42ஐ 170ஆல் வகுத்தால் சுமார் 25 சதவீதம். அந்த 42இல் 40 புழுவால் வந்தது. அதாவது வேற்றுமையில் 95 சதவீதம் புழுவின் வேலை.

இப்போ அதே எண்களுக்கு நான்காம் மூலம் எடுங்க. வேற்றுமை சுமார் 16 சதவீதமாகக் குறையும். ஆனா அதில் முக்கால் பங்கு நண்டால் வந்தது! ரெண்டே ரெண்டு நண்டு. தரவு மாறவில்லை, கேள்விதான் மாறிவிட்டது. முதல் கணக்கு "எது நிறைய இருக்கு?" என்று கேட்டது. இரண்டாவது கணக்கு "எதெல்லாம் இருக்கு?" என்று கேட்கிறது. இது உயிரியல் முடிவு, அதை எடுக்க வேண்டியவர் ஆய்வாளர். "தரவு நான்காம் மூல உருமாற்றம் செய்யப்பட்டது" என்று ஒரு வரி எழுதி, ஏன் என்று சொல்லாமல் போனால் முடிவை மென்பொருளிடம் விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

மூணு சாம்பிளின் கணக்கு

என் முக்கியமான விமர்சனம் இங்கேதான். அது நூலைவிட நாம் அதைப் பயன்படுத்தும் விதத்தின் மேல்.

அனோசிம் சோதனை எளிமையானது. குழுப் பெயர்களைச் சாம்பிள்களுக்கு மாத்தி மாத்திக் கொடுத்து, நிஜத்தில் கிடைத்த வேறுபாடு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கிறது. ஆலைக்குப் பக்கத்தில் 3 கிராப் சாம்பிள், தள்ளி 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறையும் மூணு மூணாகப் பிரிக்க 10 வழிகள்தான். அப்படியென்றால் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி மதிப்பு 10 சதவீதம். ஆலைப் பக்கம் ஒரு உயிர்கூட மிச்சமில்லை என்றாலும் அந்தச் சோதனை 5 சதவீதத்தைத் தொடவே முடியாது. நாலு நாலு சாம்பிள் எடுத்தால் 35 வழிகள், குறைந்தபட்சம் 2.9 சதவீதம்.

இது ஏதோ நுணுக்கமான வகுப்பறைச் சங்கதி என்று விட்டுவிட முடியாது. கடலூர் சிப்காட்டை ஒட்டி ஓடுகிற உப்பனாற்றை நினைத்துப் பாருங்கள். மூணு சாம்பிளை வைத்து "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று ஒரு அறிக்கை எழுதினால், அதைப் படிக்கிற அதிகாரி "பாதிப்பு இல்லை" என்றுதான் புரிந்துகொள்வார். வலை போடுகிறவரிடம் போய் "உங்க ஆத்துக்கு ஒண்ணும் ஆகலை, புள்ளியியல் சொல்லுது" என்பார். புள்ளியியல் அப்படிச் சொல்லவே இல்லை. அதற்குச் சொல்ல வாய்ப்பே தரப்படவில்லை.

கிளார்க் இதைப் பற்றி எச்சரிக்கிறார், பி மதிப்பைவிட ஆர் மதிப்பைப் பாருங்கள் என்கிறார். ஆர் 1ஐ நெருங்கினால் குழுக்கள் முழுதாகப் பிரிந்து நிற்கின்றன என்று பொருள். பல கட்டுரைகளில் அந்த எச்சரிக்கை காணாமல் போய், பி மட்டும் மிஞ்சுகிறது.

பருவம் என்பது ஒரு வருஷமா?

நம்ம பக்கத்தில் ஆண்டை நாலாகப் பிரிப்பது வழக்கம். ஜனவரி–மார்ச் மழைக்குப் பின், ஏப்ரல்–ஜூன் கோடை, ஜூலை–செப்டம்பர் மழைக்கு முன், அக்டோபர்–டிசம்பர் மழைக்காலம். மாதம் ஒரு சாம்பிள், ஒரு வருடம், ஆக மொத்தம் 12. மூணு மாதங்களும் ஒரு பருவத்தின் மறுசாம்பிள்களாகக் கணக்கில் ஏறும்.

இப்படிச் செய்தால் பருவத்தையும் அந்த வருடத்தையும் பிரிக்க முடியாது. 2015 நவம்பர்–டிசம்பரில் கடலூர் மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தது. அடுத்த ஆண்டே, 2016இல், தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. இரண்டுக்கும் பெயர் "மழைக்காலம்". ஒருவர் 2015இல் சாம்பிள் எடுத்து, இன்னொருவர் 2016இல் எடுத்தால், ரெண்டு பேரும் வெள்ளாற்றின் மழைக்காலச் சமுதாயம் என்று எழுதப்போவது வேறு வேறு. ஹர்ல்பர்ட் 1984இல் 'போலி மறுசாம்பிள்' என்று பெயர் வைத்தது இந்த வகைச் சிக்கலுக்குத்தான்.

உப்பனாறு–வெள்ளாறு ஒப்பீட்டிலும் இதே கதை. மாசுபட்டதற்கு ஒரு ஆறு, சுத்தமானதற்கு ஒரு ஆறு. ஒவ்வொன்றிலும் 20 சாம்பிள் எடுத்தாலும் ஆறு ஒன்றுக்கு ஒன்றுதான். கெடிலமும் பரவனாறும் கலக்கிற உப்பனாறு ஆலை இல்லாவிட்டாலும் வெள்ளாறு மாதிரி இருந்திருக்குமா? வெள்ளாறு, கொள்ளிடம், அரியாங்குப்பம் என்று பல ஒப்பீட்டு முகத்துவாரங்களை வைத்து, உப்பனாறு அவற்றின் வழக்கமான ஏற்ற இறக்கத்துக்கு வெளியே நிற்கிறதா என்று கேட்பதுதான் நேர்மையான கேள்வி.

நூலே தடுமாறும் இடங்கள்

முதலாவது, நெருக்கடி அளப்பது. 1986இல் வார்விக் முன்வைத்த ஏபிசி வளைகோடு, எண்ணிக்கையையும் உயிர்எடையையும் ஒப்பிடுகிறது. சின்னச் சின்னப் புழுக்கள் பெருகினால் இடம் பாதிக்கப்பட்டது என்று காட்டும். ஆனா வெள்ளாற்று முகத்துவாரத்தில் மழைக்காலம் வந்தால் உப்பு ஏறக்குறைய இல்லாமல் போகிறது, கோடையில் கடல்நீர் அளவுக்கு ஏறுகிறது. அங்கே குட்டையாக வாழ்ந்து வேகமாகப் பெருகும் உயிர்கள்தான் இயல்பு. இயற்கையே ஆண்டுதோறும் கலைத்துப்போடும் இடத்தில் "கலைந்திருக்கிறது" என்ற தீர்ப்புக்கு என்ன மதிப்பு? எலியட்டும் குவின்டினோவும் 2007இல் இதைத்தான் 'முகத்துவாரத் தர முரண்' என்றார்கள்.

இரண்டாவது, சிம்பர். வேறுபாட்டுக்கு எந்த இனம் காரணம் என்று பட்டியல் தரும். 2012இல் வார்ட்டனும் உடனாளர்களும் காட்டியது என்னவென்றால், சராசரி மாறிய இனத்தையும் வெறுமனே அதிகமாக ஏறி இறங்கும் இனத்தையும் இந்த முறை குழப்பிவிடுகிறது. பட்டியலில் முதலிடம் பிடித்த இனத்தை "மாசின் சுட்டி" என்று எழுதுமுன் அதன் மூல எண்களை ஒரு தடவை வரைந்து பாருங்கள்.

மூன்றாவது, பயோ–என்வி. 5 காரணிகள் கொடுத்தால் 31 கூட்டணிகளை முயன்று சிறந்ததைத் தரும். 10 கொடுத்தால் 1,023. அத்தனையில் சிறந்தது நன்றாகத் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பிற்காலப் பதிப்பில் இதற்கும் கலைத்துப் பார்க்கும் சோதனை வந்துவிட்டது. அதைச் செய்யாத முடிவை நம்ப வேண்டாம்.

என்ன செய்யலாம்?

பிரைமருக்குக் காசு கட்ட முடியாதவர்களுக்கு ஆர் மொழியில் யாரி ஒக்சனென் குழுவின் 'வீகன்' தொகுப்பு இலவசமாக இருக்கிறது. இதே சோதனைகளில் பெரும்பாலானவை அதிலும் உண்டு. ஆனா கருவி மாறினால் மேலே சொன்ன சிக்கல் தீராது.

படகு ஏறுமுன் ஒரு தாளில் மூணு விஷயம் எழுதுங்க. என் மறுசாம்பிள் எது: கிராப்பா, இடமா, ஆறா, வருடமா? எத்தனை வழிகளில் கலைக்க முடியும், அதில் கிடைக்கும் மிகச் சிறிய பி என்ன? அரிய இனம் எனக்கு முக்கியமா, இல்லை பெருவாரியான இனமா? இந்த மூணுக்கும் பதில் இருந்தால் கிளார்க்–வார்விக் நூல் நல்ல துணை. இல்லையென்றால் அது அழகான படம் வரையும் நூல் மட்டும்தான்.

அடுத்த குறிப்பில் அதே கற்பனைத் தரவை 'எம்விஅபண்ட்' முறையில் போட்டு, விடை எங்கே மாறுகிறது என்று பார்ப்போம். உப்பனாற்றுத் தரவு யாரிடமாவது மூல எண்களாக இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.